குறளி குடியிருந்த வீடு

ரொறன்ரோவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன மாதம் தொலைபேசி எடுத்தாள். சின்னப் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் எழுதுகிறாளாம். குழப்படி செய்கிற குட்டிப் பேய்க்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டுமாம். "குறளி எண்டு ஒண்டு இருக்கெல்லோ சேர், அது எங்கையிருந்து வந்த சொல்?" என்று கேட்டாள்.

என்னிடம் சொல்லைப் பற்றிக் கேட்டால் போதும், சாப்பாட்டுக் கோப்பையையும் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்கிவிடுவேன். வாழ்நாள் முழுக்கத் தமிழ் படிப்பித்தவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? குறு என்றால் சிறிது, குறள் என்றால் குட்டை, இரண்டடியில் முடிகிற வெண்பாவுக்கும் குள்ளமான ஆளுக்கும் ஒரே பெயர்தான், அந்த வழியில் வந்த குட்டைப் பேய்தான் குறளி என்று விளாசிக்கொண்டு போனேன். எதிரே இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த என் மனைவி சுளகைக் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். "பிள்ளை, நான் பிறகு எடுக்கிறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பிறகு எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழங்குவதில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. என் மகள் சின்னவளாக இருந்தபோது யாரோ பள்ளிக்கூடத்தில் சொன்னதைக் கேட்டு வந்து "குறளி எண்டா என்னம்மா" என்று கேட்க, மனைவி அவளுக்கு அடித்தே விட்டாள். பிள்ளைக்கு அடிக்காத மனுஷி. அன்றைக்கு நான் தடுக்கவும் இல்லை. எனக்கும் வயது போகிறது, இதைச் சுமந்துகொண்டு போய்ச் சேர எனக்கு மனமில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பேய்களுக்குள்ளே முனி பெரியது. அடித்தால் ஆள் இரத்தம் கக்கிச் சாவான் என்பார்கள். கொத்தி பிள்ளை பிறந்த வீட்டைத் தேடி வரும். குறளி இவர்களோடு சேர்த்தியில்லை. அது ஆளைக் கொல்லாது, பிராணனை வாங்கும். கூரையில் கல்லெறியும். சோற்றுப் பானைக்குள் மண்ணைக் கொட்டும். கொடியில் காய்கிற சேலையில் ஒரு கையகலம் கருக்கி வைக்கும். குட்டிச்சாத்தான் என்றும் அதற்குப் பெயர் உண்டு. சாத்தன் என்பது அந்தக் காலத்தில் மரியாதையான மனிதர் வைத்திருந்த பெயர், ஐயனாருக்கும் அது பெயர். வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர்களுடைய சாத்தான் கடல் கடந்து வேறு பாதையில் வந்தவன். இருவரும் எங்கள் ஊரில் சந்தித்து ஒரே ஆளாகிவிட்டார்கள் என்று வகுப்பில் பகிடியாகச் சொல்லுவேன். குறளிக்கு முக்கியமான குணம் ஒன்று உண்டு. அது தானாக வராது. யாராவது பிடித்து ஏவ வேண்டும். அகராதியில் குறளிக்கு அடுத்த சொல் குறளை. அதற்குப் பொருள் கோள், புறஞ்சொல். இரண்டுக்கும் வேர் ஒன்றுதானா என்று பெரிய பண்டிதர்கள் அடிபடட்டும். எனக்குத் தெரிந்த குறளி வாயிலேதான் பிறந்தது. பிறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

இந்திய ராணுவம் கப்பலேறிப் போய், சனம் கொஞ்ச நாள் மூச்சுவிட்டு, மறுபடியும் சண்டை தொடங்கிய காலம். எங்கள் வீடு அச்சுவேலிச் சந்தையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில், ஒரு செம்மண் ஒழுங்கையில் இருந்தது. பக்கத்து வளவில் பெரிய கல்வீடு. ஐந்து அறை, ஓட்டுக் கூரை, பின்பக்கம் கொன்கிரீட் தட்டுப் போட்ட களஞ்சியம். அதன் சொந்தக்காரர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகும்போது வீட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போனார். கிழமைக்கு ஒருக்கால் முற்றம் கூட்டி, வெள்ளிக்கிழமையில் விளக்குக் கொளுத்தினால் போதும் என்றார். அப்போது அது பெரிய பொறுப்பாகத் தெரியவில்லை.

பிறகு தெரிந்தது. வெறுமையாகக் கிடந்த கல்வீடுகளை, ராணுவத்தோடு சண்டை பிடித்த இயக்கத்துப் பொடியன்கள் முகாமுக்கு எடுத்தார்கள். முகாம் வந்தால் நாலு நாளில் மேலே வேவு விமானம் சுற்றும். அடுத்த கிழமை குண்டு போடுகிற பொம்மர் வரும். பொம்மர்க்காரன் முகாமைக் குறிவைப்பான், பக்கத்து வீட்டில் போடுவான். இது எங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பிக்கத் தேவையில்லாத பாடமாகிவிட்டது. ஒரு ஒழுங்கையில் முகாம் வருகிறது என்று கதை அடிபட்டால் அங்கேயிருக்கிற சனம் சட்டி பானையைக் கட்டத் தொடங்கிவிடும்.

எங்களால் கட்ட முடியாது. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன்னே இரண்டு தரம் தரித்து, இரண்டு தரமும் ஆறாம் மாதத்துக்குள் போய்விட்டது. இரண்டாவது தரம் அவளே பிழைப்பாளா என்று இருந்தது. இந்தப் பிள்ளையும் போனால் இனி இல்லை, ஆளும் தப்பாது, கட்டிலோடு இருக்கட்டும், அதிர்ச்சி ஆகாது என்று வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவளுடைய தாய் வீடு பலாலிப் பக்கம். அந்தச் சனமே ஊரை விட்டு வந்து பள்ளிக்கூடங்களில் கிடந்தது. எங்கே போவது? பங்கர் வெட்டி வைத்திருந்தேன். வயிற்றோடு அவளை அதற்குள் இறக்கி ஏற்றிப் பார்த்த ஒரே நாளோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் இரண்டு பொடியன்கள் சைக்கிளில் வந்து படலையில் நின்றார்கள். ஒருவன் நெட்டை, கண்ணாடி போட்டவன், கையில் கொப்பி. மற்றவன் குருநகர்ப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை என்று அவன் கதையிலேயே தெரிந்தது. கழுத்தில் சயனைட் குப்பி தொங்கிய கயிற்றுக்குப் பக்கத்தில் அந்தோனியார் பதக்கமும் தொங்கியது. இரண்டு பேருக்கும் இருபது வயது இருக்கும்.

"மாஸ்டர், பக்கத்து வீட்டுத் திறப்பு உங்களிட்டைத்தானே இருக்கு?" என்றான் நெட்டையன். மரியாதையாகத்தான் கேட்டான். அந்த மரியாதைக்கு மறுமொழி ஒன்றுதான் இருந்தது.

நான் இழுத்தேன். சொந்தக்காரரைக் கேட்க வேணும், கடிதம் போட வேணும், தபால் இல்லை, ஓடு உடைந்து கிடக்கிறது என்று ஏதேதோ உளறினேன். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி உளறினால் காதைத் திருகியிருப்பேன். அப்போது எனக்குப் பின்னால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற மனைவி, மெதுவாக, "தம்பி, அந்த வீட்டிலை குறளி" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. நெட்டையன் சிரித்தான். "என்னக்கா, குறளியோ?"

"ஓம் தம்பி. இவர் படிச்ச மனுஷன், வெளியிலை சொல்ல வெக்கப்படுறார். அதாலைதான் ஓடு உடைஞ்சு கிடக்கு."

குருநகர்ப் பொடியன் சிரிக்கவில்லை. வேலிக்கு மேலால் அந்த வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வியாழக்கிழமை வந்து வீட்டைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

அவர்கள் ஒழுங்கை முடக்குத் திரும்பியதும் நான் பாய்ந்து விழுந்தேன். "உமக்கென்ன விசரோ? அவங்கள் என்ன பால்குடிப் பிள்ளையளோ? என்னை ஊர் சிரிக்கப் பண்ணுறீரோ?"

"சிரிக்கட்டும்" என்றாள். "சிரிச்சாப் பிள்ளை சாகாது."

கட்டிலில் போய் இருந்துகொண்டு அவளே சொன்னாள்: "நான் சொன்னா நம்பமாட்டினம். நீங்கள் சொன்னா நம்புவினம். நீங்கள் பேயை நம்பாத ஆள் எண்டு ஊருக்கே தெரியும்."

எனக்கு மூன்று நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில், கட்டிலோடு இருக்க வேண்டியவள் சங்கக்கடை வரிசைக்குப் போனாள். மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் ஊரே நிற்கிற இடம் அது. அங்கே அவளுக்குப் பக்கத்தில் நின்றவ கீழ் ஒழுங்கையில் இருக்கிற ஒரு தையல்கார அக்கா. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் சட்டை தைக்கிறவ. புருஷன் சவூதியில், ஒரே மகன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தான். என் மனைவிக்குக் காசு வாங்காமல் பிள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்த மனுஷி. "அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதைங்கோ" என்று தொடங்கி, மனைவி அவவின் காதில் ஒரே ஒரு வசனம் சொன்னாள். அவ்வளவுதான். பின்னேரம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது சைக்கிள் கடைக்காரர் என்னை மறித்து, "என்ன மாஸ்டர், பக்கத்து வீட்டிலை சோத்துப் பானை அந்தரத்திலை நிண்டதாம்?" என்று கேட்டார். அந்த வீட்டில் சோறு ஆக்கி மூன்று வருடம்.

நானும் இறங்கிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதில் எனக்கு ஒரு உற்சாகமும் இருந்தது. புதன்கிழமை உச்சி வெயிலில், ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் தெரிகிற நேரம் பார்த்து, கிணற்றடி வாழைக்குள் நின்று அந்தக் கூரைக்குக் கல்லெறிந்தேன். முப்பத்திநாலு வயது, பட்டதாரி ஆசிரியன். நாலாவது கல்லுக்கு ஓடு உடைந்தபோது, குறி தப்பவில்லை என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே போய்ச் சுவரெல்லாம் கரியைத் தேய்த்தேன். பழைய சேலை ஒன்றை ஓரத்தில் கருக்கி முன் விறாந்தைக் கொடியில் போட்டேன்.

கடைசி வேலையை மனைவி சொல்லித் தந்தாள். எங்கள் பக்கத்தில் பரிகாரி வந்து பேய்க்குக் கழிப்புக் கழித்தால், நீத்துப்பூசணிக்காயைப் பிளந்து குங்குமம் அப்பி, வெட்டின தேசிக்காய்களோடு வாசலிலோ சந்தியிலோ போட்டுவிட்டுப் போவார். அதை ஒருவரும் மிதிக்கமாட்டார்கள், தாண்டவும் மாட்டார்கள். தாண்டினால் கழித்தது தாண்டினவனில் ஏறிவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதற்காக அரை மைல் சுற்றிப் போகும். எங்கள் தோட்டத்து நீத்துப்பூசணிக்காயை நானே பிளந்தேன். அவள் குங்குமத்தைக் குழைத்துத் தந்தாள். அந்த வீட்டுப் படலைக்குள்ளே, கால் வைக்கிற இடத்தில், அதை வைத்துவிட்டு வந்தேன். கை கழுவக் கழுவச் சிவப்புப் போகவில்லை.

வியாழக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். நான் திறப்போடு முன்னே போனேன். மனைவியும், வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் கேளாமல் வந்தாள். படலையைத் திறந்ததும் குருநகர்ப் பொடியன் நின்றுவிட்டான். நெட்டையன் கழிப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இதென்ன மாஸ்டர், நீங்களுமோ?" என்றான்.

அப்போது நான் வாய் திறந்தேன். அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு பாடம் நான் நடத்தவில்லை. "தம்பி, நான் பேயை நம்புறவன் இல்லை. ஆனா சொல்லை நம்புறவன்" என்று தொடங்கினேன். குறளி என்ற சொல் எப்படி வந்தது, எத்தனை காலத்துப் பழைய சொல், இல்லாத ஒன்றுக்கு எங்கள் ஆட்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பெயர் வைப்பார்களா, மற்றப் பேய்க்கு உருவமாவது இருக்கிறது, இதை அளவால் மட்டும் ஏன் சொன்னார்கள், கண்ணில் படாமல் காலுக்குள்ளே நிற்கிற உயரம் என்பதால்தானே என்று அடுக்கினேன். குட்டிச்சாத்தான் என்று சொன்ன இடத்தில் குருநகர்ப் பொடியனின் கை பதக்கத்துக்குப் போனது. அவனுக்குச் சாத்தான் என்றால் ஒன்றுதான். அவனிடம் ஐயனார்க் கதையை நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது வேண்டுமென்றுதான்.

நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டில் ஒரு கல் விழுந்து உருண்டது.

நான் எறியவில்லை. மனைவி என் பக்கத்தில் நின்றாள். ஒழுங்கைப் பிள்ளைகள் யாராவது எறிந்திருக்க வேண்டும், கதைதான் ஊர் முழுக்கப் பரவிவிட்டதே. அப்படித்தான் இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த நிமிடத்தில் நானும் பயந்துதான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துத்தான் குருநகர்ப் பொடியன் முழுதாக நம்பினான். பொம்மருக்குக் கீழே நின்று சுடுகிற பிள்ளை, "அண்ணை, இஞ்சை வேண்டாமண்ணை, நான் இஞ்சை படுக்கமாட்டன்" என்று நெட்டையனின் கையைப் பிடித்துவிட்டான்.

நெட்டையன் நம்பவில்லை. அவன் என் விரல்களைப் பார்த்தான். நகக்கண்ணில் குங்குமம் இருந்தது. பிறகு மனைவியின் வயிற்றைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி உடுத்திருந்த சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

"சரி மாஸ்டர். வேறை இடம் பாக்கிறம்" என்றான். "உங்கை கிட்டடியிலை வேறை கல்வீடு சும்மா கிடக்கோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். சந்தைப் பக்கம் கேட்டுப் பாருங்கோ என்று கைகாட்டியிருக்கலாம். அவன் எங்களை விட்டுவிட்டான் என்ற நன்றியில், இன்னும் நின்றால் மனம் மாறிவிடுவானோ என்ற பயத்தில், என் வாய் முந்திவிட்டது. "கீழ் ஒழுங்கையிலை, பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாலை ஒண்டு பூட்டிக் கிடக்கு. மதில் கட்டின வீடு" என்றேன்.

அவன் கொப்பியில் எழுதிக்கொண்டான். மனைவி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அது ஆறுதல் மூச்சு. அந்த மதிலுக்கு அடுத்த பக்கத்தில் யாருடைய வீடு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தையல்கார அக்கா வீட்டுப் படலையில் நின்று அந்த மதிலை நான் நூறு தரம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம். அவவைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

அடுத்த கிழமை அங்கே முகாம் வந்துவிட்டது. அக்காவின் மகன் வகுப்பில் பெருமையாகச் சொன்னான், பொடியன்கள் தன்னோடு பந்தடிக்கிறார்கள் என்று. "அம்மாவை எங்கையாவது தள்ளிப்போய் இருக்கச் சொல்லன்" என்று அவனிடம் மெல்லச் சொன்னேன். "மெசினைத் தூக்கிக்கொண்டு எங்கை சேர் போறது, தைக்கக் குடுத்த ஆக்கள் எல்லாம் இஞ்சைதானே" என்றான். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பான்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வேவு விமானம் வந்து வட்டமடித்துவிட்டுப் போகும். அது போகிற திசையைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் நிற்பேன். கீழ் ஒழுங்கைக்கு மேலே சுற்றினால் அது போகும்வரை உள்ளே வரமாட்டேன். இன்றைக்கும் இல்லை என்று ஆகிவிட்டால், அடுத்த நாளை எண்ணத் தொடங்குவேன். அதற்குள் மகள் பிறந்தாள். முழு மாதத்தில், குரலெடுத்து அழுதுகொண்டு பிறந்தாள். அக்கா தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகள் அரை டசின் வந்து சேர்ந்தன. மகன்தான் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனான்.

பிள்ளை பிறந்து இருபதாம் நாள். காலை பத்து மணி இருக்கும், நான் பள்ளிக்கூடத்தில். சத்தம் முதலில் வானத்தில் கேட்டது, பிறகு நிலத்தில். பிள்ளைகளை மேசைக்குக் கீழே படுக்க வைத்துவிட்டு எண்ணினேன், மூன்று. சத்தம் எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் கேட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். வழியில் ஒருவன், "உங்கடை ஒழுங்கை இல்லை மாஸ்டர், கீழ் ஒழுங்கை" என்று கத்தினான். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. என்னை நானே மன்னிக்காமல் இருப்பது இந்த ஒரு கணத்துக்காகத்தான். மற்றதெல்லாம் பயத்தில் செய்தது. அந்த நிம்மதியை நான் பயத்தின் மேல் போட முடியாது.

முகாமில் ஒரு ஓடும் உடையவில்லை. பொடியன்கள் முதல் நாளே வேறு இடத்துக்கு மாறியிருந்தார்கள். மதிலுக்கு அடுத்த பக்கத்தில் வீடு இருந்த இடம் கிணறு மாதிரி இருந்தது. அக்கா சங்கக்கடை வரிசையில் நின்றதால் தப்பிவிட்டா. மகன் காய்ச்சலில் அன்றைக்குப் பள்ளிக்கூடம் வரவில்லை. காலையில் இடாப்புக் கூப்பிடும்போது அவன் பெயருக்கு நேரே நானே வரவில்லை என்று கோடு போட்டிருந்தேன்.

செத்த வீட்டுக்கு மனைவியால் போக முடியவில்லை, பிள்ளைப்பேற்றுத் துடக்கு. நான் போனேன். ஒழுங்கை முடிகிற தொங்கலில் நெட்டையன் சைக்கிளோடு நின்றான். என்னைக் கண்டான். தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு கணக்கு அது. அதற்குப் பிறகு அவனை நான் காணவில்லை. பாதி வருடம் போனபின் அவன் படம் போட்ட அஞ்சலி நோட்டீஸ் சந்தை மதிலில் ஒட்டியிருந்தது.

அக்கா உடுப்பிட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்தா. முப்பத்தியோராம் நாள் கிரியையும் முடிந்தபிறகு ஒரு காலையில் எங்கள் படலையில் வந்து நின்றா. அரைவாசியாகிவிட்டிருந்தா.

"மாஸ்டர், பக்கத்து வீட்டிலை ஒரு அறை தாருங்கோ. நான் இருக்கிறன்."

"அக்கா, அந்த வீடு..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"குறளி இருக்கிற வீடெண்டு தெரியும். அதாலைதான் கேக்கிறன். அங்கை முகாம் வராது."

திறப்பைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அவவின் முகத்தைப் பார்க்காமல் நான் விலகி நின்றதை அவ வேறு மாதிரி எடுத்துக்கொண்டா. "பயப்படாதைங்கோ. எனக்கு இனி அது என்ன செய்யப்போகுது?" என்று எனக்கு ஆறுதல் சொன்னா.

அவ வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போய்விட்டது. நான் கரி தேய்த்த சுவர்களை அவ கழுவவில்லை, குறளிக்குக் கோபம் வரும் என்று விட்டுவிட்டா. நான் உடைத்த ஓட்டுக்குக் கீழே ஒரு வாளியை வைத்துக்கொண்டு குடியிருந்தா. வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் முதல் சோற்றை வாழையிலையில் போட்டு, களஞ்சியத்து வாசலில் வைத்து, விழுந்து கும்பிடுவா. சங்கக்கடை அரிசி, அவவுக்கே காணாத அரிசி. வேலிக்கு இந்தப் பக்கம் மனைவி பிள்ளையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

"அவவுக்குச் சொல்லுவம்" என்றாள் ஒருநாள். "எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்போலை கிடக்கு. கும்பிடுறா அப்பா. நாங்கள் செய்து வைச்சதைக் கும்பிடுறா."

"சொல்லி? சொன்னாப் பொடியன் எழும்பி வருவானோ?" என்று கத்தினேன். "அவவுக்கு இப்ப மிஞ்சிக் கிடக்கிறது அந்த ஒண்டுதான். அதையும் பறிக்கச் சொல்லுறீரோ?"

நல்ல நியாயம்போலத்தான் இருந்தது. என் தோலைக் காப்பாற்ற நான் சொன்ன நியாயங்களுக்குள்ளே அதுதான் சிறந்தது. மனைவி பிறகு கேட்கவில்லை. என்னோடு கதைப்பதையும் குறைத்துக்கொண்டாள்.

மகளுக்கு ஏழாம் மாதம் முதல் பல் முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்ட வேண்டும். சண்டைக் காலத்தில் யாரைக் கூப்பிடுவது? அக்காவை மட்டும் கூப்பிட்டோம். கூப்பிடாமல் விட முடியாது, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறா. சீத்தைத் துணியில் ஒரு சின்னப் பாவாடை சட்டை தைத்துக்கொண்டு வந்தா. தானே பிள்ளைக்குப் போட்டுவிட்டா. கொழுக்கட்டை கொட்டும்போது மகள் சிரித்தாள். அவவும் சிரித்தா. மகன் போனபிறகு அவ சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

மனைவி தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். அக்கா பிள்ளையை மடியில் வைத்து அதன் காலைத் தடவிக்கொண்டிருந்தா. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டா. நெடுநாளாக யோசித்து வைத்திருந்த கேள்வி என்பது அவ கேட்ட நிதானத்திலேயே தெரிந்தது.

"மாஸ்டர், நீங்கள் படிச்ச ஆள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தக் குறளியை ஒரு வீட்டிலை கொண்டுவந்து வைக்கிறது எப்பிடி?"

நான் நிலத்தில் சிதறிக் கிடந்த கொழுக்கட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"இல்லை, எனக்கு முந்தித் தெரிஞ்சிருந்தா எங்கடை பக்கத்து வீட்டிலையும் ஒண்டைக் கொண்டுவந்து வைச்சிருப்பன். பொடியள் வந்திருக்கமாட்டாங்கள். என்ரை பிள்ளையும் இருந்திருப்பான்."

தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்ற மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாதக்கா" என்றேன்.